வெறும் வீட்டுக்கு ஒரு ஸலாம்

அந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஆள் இருந்த வீடுகளைவிடப் பூட்டிக் கிடந்த வீடுகளே அதிகம். பொழுது சாய்கிற மஃரிபு நேரம் களப்புப் பக்கம் போகிறவர்கள் அந்த வீடுகள் வந்ததும் சத்தமாகக் கதைக்கத் தொடங்குவார்கள். தனியாகப் போகிறவர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையில் யாருமில்லை என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படிப் போயிருக்கிறேன். அதனால் மற்றவர்களை நக்கலடிக்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் அடித்தேன்.

மாம்புரியைத் தாண்டிக் கற்பிட்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், மறுபக்கம் களப்பு, கடலோடு சேர்ந்த உப்பு நீர் ஏரி. காற்றுக் காலத்தில் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே ஓடுவதற்கென்றே வெள்ளைக்காரர் வருவார்கள். பட்டக்காரர் என்று ஊரில் பெயர். முதலில் ஹோட்டல்களில் தங்கினார்கள். பிறகு ஒழுங்கைகளுக்குள் வந்து வீடு கேட்டார்கள். வீட்டைச் சுற்றிய வளவில் கொஞ்சம் இடம் வைத்திருந்த எல்லோரும் ஓர் அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை என்று கட்டி வாடகைக்கு விட்டோம். ரொட்டிக் கடைக்காரர் ஆங்கிலத்தில் பலகை எழுதி மாட்டினார், எழுத்துப் பிழைகளோடு. நான் பள்ளிக்கூட ரீச்சர் என்கிறபடியால் பிழை திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். எனக்கும் அந்த எழுத்து சரியாகத் தெரியாது. அப்படியே இருக்கட்டும், வெள்ளைக்காரருக்கு விளங்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், வளவு முடிந்து கண்டல் மரங்கள் தொடங்குகிற இடத்தில் நாங்களும் ஒரு சின்ன வீடு கட்டினோம். என் கணவர் பாலாவியில் லொறி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அந்த வீட்டுக்கு முதலும் கடைசியுமாக வந்தவர் ஒரு வயதான பெண். பட்டக்காரரோடு வந்த வானில்தான் வந்து இறங்கினார், ஆனால் அவரிடம் பட்டம் இல்லை. ஒரு மாதத்துக்கு வீடு கேட்டார். பிறகு வருடக்கணக்கில் இருந்துவிட்டார். விசா முடிகிற நேரமெல்லாம் கொழும்புக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார். சிங்களத்தில் சீமாட்டி என்கிற மாதிரி, நோனா என்று கூப்பிட்டோம். ஊரும் அப்படியே கூப்பிட்டது.

மத்தியானத்துக்குப் பிறகே இருட்டிவிடுகிற ஒரு குளிர் நாடு அவருடையது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கணவரின் வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்க, இருந்த வீட்டை விற்றுவிட்டார். அங்கே வாடகை கட்டினால் ஓய்வூதியத்தில் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது, இங்கே இரண்டும் முடியும் என்று எந்த வெட்கமும் இல்லாமல் சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது. பின்னேரங்களில் விறாந்தையில் கதிரையைப் போட்டுக் களப்பைப் பார்த்தபடி கறுப்புக் கோப்பி குடிப்பார், சீனி இல்லாமல். நான் போய் உட்கார்ந்தால் தமிழ் கேட்பார். நான் பிள்ளைகளை அதட்டுவது போலவே அவரையும் அதட்டித் திருத்துவேன். அவர் கோபப்பட்டதே இல்லை. மெல்ல மெல்ல என் பேச்சில் பாதி அவருக்கு விளங்கத் தொடங்கியது. பாதிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சட்டம் வந்தது. கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒவ்வொரு வளவாக இறங்கிச் சொல்லிக்கொண்டு போனார். புத்தளத்துக்காரர், எங்களைப் போல முஸ்லிம்தான், என்னைவிட வயதில் இளையவர், அக்கா என்கிற மாதிரி என்னை ராத்தா என்பார். வெளிநாட்டவருக்கு வீடு விடுவதானால் அந்த வீட்டைப் பதிவு செய்திருக்க வேண்டுமாம். பதிவு செய்வதற்குக் காணி உறுதி, அதாவது நிலம் சொந்தம் என்ற பத்திரம் வேண்டுமாம். பதிவில்லாத வீட்டில் வெளிநாட்டவர் தங்கக்கூடாதாம். விசா சரியாக இருந்தாலும் கூடாதாம்.

எங்களிடம் உறுதி இல்லை. இந்த ஒழுங்கையில் யாரிடமும் இல்லை. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, ஓலைக் கொட்டிலில் கிடந்து, கடைசியாக அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி இது. குடியிருக்கலாம், விற்க முடியாது. பிழையாக எதையாவது செய்தால் திருப்பி எடுக்கலாம். கிராம சேவகர் அதைத்தான் கடைசியாகச் சொன்னார். பொய்க்குக்கூடச் சிரிக்காமல் சொன்னார்.

“புடிபட்டா நான் மேல எழுதத்தான் வேணும் ராத்தா. எழுதினா காணிப் பெர்மிட்டுக்கு வந்து நிக்கும்.”

சட்டம் போட்டவர்களை முழுதாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சுற்றுலா விசாவில் வந்து கடை நடத்தியவர்களும், நாள் முழுக்கப் பாட்டுப் போட்டு ஊரைக் கெடுத்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் கடற்கரையில் உறுதியோடு நிற்கிற ஹோட்டல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டத்தில் வெளிநாட்டவர் என்று எழுதியிருந்தது, அது வந்து விழுந்தது எங்கள் தலையில். ஒரு வீட்டை ஏற்கனவே விட்டுவிட்டு வந்தவள் நான். இந்தக் காணியையும் விட்டுவிட்டு இன்னொரு தரம் எங்கே போவது?

நோனாவிடம் நான்தான் சொன்னேன். அவர் இரண்டு பைகளோடு வானில் ஏறினார். ஏறும்போது என் கையைப் பிடித்தார். முன்கதவைப் பூட்டுகிற திறப்பை அதில் வைத்தார். குசினிக் கதவுக்கு ஒரு திறப்பு இருந்தது, அதை அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டேன் என்று என் கணவரிடம் சொன்னேன்.

அந்த மாதமே ஒழுங்கை ஓய்ந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் ஆங்கிலப் பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டார். வீடுகளில் சமைத்துக் கொடுத்த பெண்கள் மறுபடி வெங்காயம் வெட்டப் போனார்கள். பூட்டிய வீடுகளின் கதவுகளைக் கச்சான் பிடித்து ஆட்டும், உள்ளே யாரோ திறக்கச் சொல்லித் தட்டுகிற மாதிரி இருக்கும். வளவுகளுக்குள் கழுதைகள் புகுந்து விறாந்தைகளில் படுத்துக்கொண்டன. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைக்கூண்டின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். முன்பெல்லாம் அது ஊர் வெளிச்சத்தில் கண்ணில் படுவதே இல்லை.

இதற்கு மேல் வெள்ளை ஜீப் வேறு. வெளிநாட்டவரை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று கதை பரவியதும், இல்லாத வெள்ளைக்காரரெல்லாம் ஊர்க்காரர் கண்ணில் படத் தொடங்கினார்கள். ஒரு யன்னலில் வெள்ளைத் தலை தெரிந்ததாம். போய்ப் பார்த்தால் அரிசிச் சாக்கு. பக்கத்து ஒழுங்கையில் ஒருவரின் மருமகன் கொஞ்சம் வெள்ளை நிறம். பாவம், குளிக்கப் போனாலும் அடையாள அட்டையைக் கொண்டு திரிந்தான். பூட்டிய வீட்டில் வெளிச்சம் கண்டால் யாராவது காட்டிக்கொடுப்பார்கள். அந்தப் பயத்தில் ஆட்கள் வெறும் வீடுகளை இருட்டாகவே விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது செய்யக் கூடாத காரியம். மஃரிபுக்கு விளக்கில்லாமல், ஓதாமல், ஆள் புழங்காமல் கிடக்கிற வீட்டில் ஜின் வந்து குடியேறும் என்பார்கள். அரசாங்கத்துக்குப் பயந்து ஊரே ஜின்னுக்கு வீடு விட்டுக் கொடுத்தது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

நான் மட்டும் பிடிவாதமாக விளக்குப் போட்டேன். அஸர் தொழுதுவிட்டு, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னதாகப் போவேன். கதவைத் திறந்து, ஸலாம் சொல்லி, விளக்கைப் போட்டு, சாம்பிராணி காட்டிவிட்டு வருவேன். வெறும் வீட்டுக்கும் ஸலாம் உண்டு. என் வாப்பா அதைச் சின்ன வயதிலேயே எங்களுக்குப் பழக்கியிருந்தார். ஆள் இருக்கிற வீட்டுக்குள் போனால் அஸ்ஸலாமு அலைக்கும், அதாவது உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். ஆள் இல்லாத வீடென்றால் அஸ்ஸலாமு அலைனா, எங்கள் மேல் உண்டாகட்டும். இல்லாத ஆளுக்கு உங்கள் என்று சொல்ல முடியாதே. எங்கள் பிள்ளைகளுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

முதல் அடையாளம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னமே வந்தது. கதவைத் திறந்தேன், கோப்பி மணந்தது. விறாந்தையில் களப்பைப் பார்த்து நின்ற கதிரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. கழுதை இடித்துத் தள்ளியிருக்கும் என்று கதிரையைத் திருப்பி வைத்தேன். மறுநாளும் அது சுவரைப் பார்த்து நின்றது. அன்று சாம்பிராணிப் புகை வீடு முழுக்கப் போகிற மாதிரி காட்டினேன், உள்ளறையைத் தவிர. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

பெருநாள் அன்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டுப் பார்த்தால் ஒரு பீங்கான் சோறும் இறைச்சியும் மிஞ்சியிருந்தது. அந்த வீட்டுக்கும் பெருநாள்தானே என்று கொண்டுபோய் முன்னறை மேசையில் வைத்தேன். மறுநாள் போனபோது பீங்கான் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என் கணவரிடம் ஜின் சாப்பிட்டிருக்கிறது என்றேன். அவர் லொறியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“எந்த ஜின் புள்ள பீங்கான் கழுவி வைக்கிற?”

“நல்ல குடும்பத்து ஜின் போல.”

அவர் துணியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி துடைத்தார். அதற்கு மேல் அவர் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டதே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் நிறைய வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், எதைக் கேட்கக்கூடாது என்பது இருவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது வைத்தேன். பாணும் சம்பலும், சில நாள் ரொட்டி, தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கும் காலத்தில் வெங்காயத்தாள் சுண்டல். சில நாள் அப்படியே இருக்கும், எறும்பு மொய்த்திருக்கும். சில நாள் பீங்கான் கழுவியிருக்கும். தண்ணீர்ப் பீப்பாயில் தண்ணீர் குறைந்திருக்கும். ஒரு நாள் சீமெந்துத் தரையில் ஈரக் கால்கள். குசினிக் கதவிலிருந்து தொடங்கி உள்ளறைக் கதவு வரைக்கும் வந்து அங்கே நின்றுவிட்டன. திரும்பிப் போன அடி ஒன்றும் இல்லை. நோனாவின் கால் நீளமான கால். இது சின்னக் கால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் காய்ந்தால் எந்தக் காலும் சின்னதாகத்தான் தெரியும் என்பதையும் நான் அறிவேன்.

ஜின்னாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அதை இப்போது சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஜின் இருந்தால் யாரும் காணியை எடுக்க மாட்டார்கள். நான் அந்த உள்ளறைக் கதவைத் திறக்காத வரைக்கும், ஜீப்பில் வருகிறவர்கள் முன்னால் நின்று வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னால் அது பொய்யில்லை. தெரியாமல் இருப்பதும் ஒரு வேலைதான். அந்த நாட்களில் நான் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமானது அது.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? முன்னறையில் நின்றுகொண்டு ஜின்னோடு கதைக்கத் தொடங்கினேன். இருட்டினால் பைப்பைத் திறக்காதே, சத்தம் ஒழுங்கைக்குக் கேட்கும் என்பேன். ஜீப் நேற்றுக் கற்பிட்டிப் பக்கம் போனது, கவனம் என்பேன். மனிதராக இருந்தால்தான் பிரச்சினை, ஜின்னென்றால் எத்தனை வருடமும் இருக்கலாம் என்று ஒரு நாள் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. ஆனால் நான் கதைக்கும்போது அந்த வீடு கேட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் கடைசி வாங்கில் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த அமைதிதான் அங்கே இருந்தது. வெளியே வந்து கதவைப் பூட்டும்போது என் முதுகு குளிர்ந்திருக்கும், வேர்வை ஓடிக்கொண்டிருந்தாலும்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு வெள்ளை ஜீப் எங்கள் வளவுக்கே வந்து நின்றது. அந்த வீட்டில் தினமும் விளக்கு எரிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு அதிகாரிகள், இருவரும் சிங்களம் மட்டும் கதைப்பவர்கள். கிராம சேவகர் கூட வந்திருந்தார், மொழிபெயர்த்துச் சொல்வதற்கு. வளவு வாசலில், படலையடியிலேயே எனக்கு ஸலாம் சொன்னார், நான் பதில் சொன்னேன். அவர் முகம் சரியில்லை.

வீட்டில் ஆள் இல்லை, ஜின் பயத்தில்தான் விளக்குப் போடுகிறேன் என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னேன், களப்பு வரைக்கும் கேட்கட்டும் என்று. கிராம சேவகர் அதைச் சிங்களத்தில் சொன்னார். வயது கூடிய அதிகாரி சிரித்தார். இளையவர் சிரிக்காமல் வீட்டைத் திறக்கச் சொன்னார். திறப்பைப் போட்டேன். கதவு திறந்ததும் நான் வாசற்படியில் கால் வைத்தேன். அந்தக் கணத்தில் என் வாய் தன்பாட்டில் சொன்னது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

அலைக்கும். உங்கள் மேல். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எப்போதிருந்து அப்படிச் சொல்லத் தொடங்கினேன் என்று எனக்குத் தெரியாது. பெருநாளிலிருந்தா, அதற்கும் முன்னமேயா? தினமும் சொல்லிச் சொல்லி நாக்கு மாறியிருக்கிறது, எனக்கே தெரியாமல். அதிகாரிகளுக்கு அது விளங்காது. எனக்குப் பின்னால் நின்ற கிராம சேவகருக்கு விளங்கும். ஆள் இல்லை என்று சத்தம் போட்டுச் சொன்ன அதே வாயால், ஆள் இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லிவிட்டேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் என் கழுத்து அசையவில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விடுவது கூடாது என்று நோனாவுக்குப் படிப்பித்ததும் நான்தான்.

பதில் வந்தது. என் பின்னால் இருந்து வந்தது.

“வஅலைக்குமுஸ்ஸலாம்,” என்றார் கிராம சேவகர், நல்ல உரத்து.

இளைய அதிகாரி அவரிடம் ஏதோ கேட்டார். படலையடியில் ஒரு தரம் சொல்லியாயிற்றே, இது என்ன என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வாசலுக்கு வாசல் சொல்லுவார்கள் என்று கிராம சேவகர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. அவர் என்னை முந்திக்கொண்டு உள்ளே போனார்.

குசினி பார்த்தார்கள், குளியலறை பார்த்தார்கள். பிறகு உள்ளறைக் கதவைத் தள்ளினார்கள். நான் இத்தனை நாளும் திறக்காத கதவு, சத்தமே இல்லாமல் திறந்தது. யாரும் இல்லை. கட்டில் விரித்திருந்தது, விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. அலுமாரி காலி. களப்புப் பக்க யன்னல் திறந்திருந்தது, அதற்குப் பிறகு கண்டல் மட்டும். யன்னல் விளிம்பில் ஒரு கோப்பை, பாதிக்குக் கறுப்புக் கோப்பி. இளையவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை என்று கண்ணில் தெரிந்தது. நான் போய்க் கோப்பையை எடுத்து, அவர் முன்னாலேயே குடித்தேன். சீனி இல்லாத கைப்பு தொண்டையை அடைத்தது. நான் வாழ்க்கையில் கோப்பி குடித்தவள் இல்லை. கடைசிவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் சூடாக இருந்தது.

மூத்தவர் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஜீப் உறுமத் தொடங்கிய பிறகும் கிராம சேவகர் செருப்பு மாட்டுகிற சாட்டில் விறாந்தையில் பின்தங்கினார். என்னைப் பார்க்காமல் களப்பைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“வெறும் வீட்டுக்குச் செல்ற ஸலாம் அது இல்லயே ராத்தா.”

“நாக்கு தடுமாறிட்டு தம்பி.”

“இன்னொரு தரம் நான் பதில் செல்ல ஏலா. எனக்கும் புள்ள குட்டி இரிக்கி.”

அவர் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் சொன்னது நியாயம். என்மேல்தான் கோபம் வந்தது, பிறகு சட்டத்தின்மேல், பிறகு அந்தக் கோப்பையின்மேல். இனி ஜின் என்ற கதை உதவாது. காணி எனக்கு வேண்டும். என் கணவருக்கும் எனக்கும் இதை விட்டால் நிற்க ஓர் அடி நிலம் இல்லை. அப்படியானால் அவரைப் போகச் சொல்ல வேண்டும். போகச் சொல்வதென்றால், முதலில் அவர் இருக்கிறார் என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் இருப்பதற்காகத்தானே இத்தனை நாளும் மூடிய கதவோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குசினிப் பக்கத்தால் இறங்கிக் கண்டல் ஓரத்துக்குப் போனேன். காற்று முழு வேகத்தில் அடித்தது. தூரத்தில், ஹோட்டல் பக்கம், ஒரே ஒரு பட்டம் தண்ணீருக்கு மேலே தனியாக நின்றது, அதைப் பிடித்திருக்கிற ஆள் தெரியவில்லை. வேர்களுக்கு நடுவில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. நான் மெதுவாகக் கூப்பிட்டேன்.

“நோனா.”

ஒன்றும் அசையவில்லை. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, பொய்யில்லை. யாரும் இல்லை, உண்மையிலேயே ஜின்தான், திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது வேர்களுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கலங்கியது. மரமென்று நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று நிமிர்ந்தது. இடுப்பு வரை சேறு, தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, தோள்மூட்டு எலும்பு சட்டைக்கு மேலே துருத்தியது. நான் அவரைப் பார்த்துப் பின்னால் ஓர் அடி வைத்தேன். வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்த ஆளைக் கண்டு எனக்குப் பயம் வந்தது. அவரும் அதைக் கவனித்தார்.

நெருங்கி வந்தபோது அவர் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு விடுதி, பிறகு நீர்கொழும்பில் ஒரு விடுதி, எங்கும் சில நாளுக்கு மேல் தங்கக் கட்டுப்படியாகவில்லை என்றார். சனத்தோடு சனமாக பஸ்ஸில் மாம்புரிக்கு வந்து, இருட்டிய பிறகு களப்போரமாக நடந்து வந்தாராம். எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். போயா அன்று என்றார். நன்றாக நினைவிருக்கிறதா என்றேன். நிலவு முழுசாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன் என்றார். போயா பெருநாளுக்குப் பிறகுதான் வந்தது. பெருநாள் பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் பின்னால் இருந்த வேர்களைப் பார்க்கவும் எனக்குத் துணிவில்லை.

“நோனா, நீங்க போகவேணும்,” என்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அவர், நான் எப்போதோ திருத்திக் கொடுத்த அந்த நிறுத்தி நிறுத்திக் கதைக்கிற தமிழில் சொன்னார்.

“நான் ஜின்தானே. ஜின் இருக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. பகடிக்குச் சொல்லவும் இல்லை. அனுமதி கேட்கிற மாதிரி கேட்டார். அதற்கு ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் மறுபடி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார். நானும் மறுபடி பீங்கான் வைத்திருப்பேன். எத்தனை காலம் போனாலும் அவர் அப்படியே இருந்திருப்பார், குரலும் பெயரும் இல்லாமல்.

“இல்ல நோனா,” என்றேன். “நீங்க மனுஷி. அதாலதான் இருக்க ஏலாது.”

அவர் அதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பது போல உதட்டை அசைத்தார், புதுச் சொல் கற்றுக்கொள்ளும்போது செய்வது போலவே. பிறகு சரி என்று தலையாட்டினார். கட்டிலுக்கு அடியில் ஒளித்திருந்த பையை எடுக்க வீட்டுப் பக்கம் நடந்தவர், வாசற்படியில் காலைத் தூக்கியவர், சேற்றுக் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிக் கால் கழுவ வளவுக் கிணற்றடிக்குப் போனார்.